லிண்ட்னர் வீட்டுத் தடாகம்

1

போன வருடம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து பத்மா அக்கா வீடியோவில் அழைத்தார். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு அவர். அப்பா கடைசிக் காலத்தில் தனியாக இருந்தபோது இரத்தத்தில் சீனி பார்த்து, ஊசி போட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அப்பா போன பிறகும் என்னோடு பேசுவதை அவர் நிறுத்தவில்லை.

"என்ன மாலா, கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கு. அழுதனியோ?"

"இல்லை அக்கா. மரத்துத் தூசு. இஞ்ச இப்ப மரங்கள் பூக்கிற காலம்."

"அப்ப வீட்டுக்குள்ள இருக்கலாமே?"

"ஏலாது. பக்கத்து வீட்டுக் கிழவற்ற குளத்துக்கு மருந்து போடவேணும்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "குளமோ? வயல் செய்யிறாரோ? மீன் கிடக்கோ?"

நான் வேலியோரம் போய் போனைத் திருப்பிக் காட்டினேன். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உது நீச்சல் தடாகமெல்லே. ஒரு மனுசனுக்கு இவ்வளவு தண்ணியோ?"

"ஒரு மனுசனுக்குத்தான்."

"அந்த மனுசன் எங்க?"

"ஆசுப்பத்திரியில."

"அப்ப ஆருக்கு நீ மருந்து போடுறாய்?"

சிரித்துச் சமாளித்தேன். ஒரு வரியில் சொல்லி முடிகிற கதை இல்லை அது. இப்போது கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

2

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து மலைப்பக்கமாக டிராமில் போனால் வரும் ஒரு சிற்றூர். எங்கள் தெருவில் வெளிநாட்டுக் குடும்பம் நாங்கள் மட்டும்தான். வீடு வாங்கி வந்த முதல் கிழமை, பக்கத்து வீட்டு லிண்ட்னர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். கடதாசிக் குப்பையை எந்த நாள் வெளியே வைப்பது, ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டும் மெசினைத் தொடக்கூடாது, வேலிச்செடி அவருடையது ஆனால் எங்கள் பக்கம் நீட்டுவதை நாங்கள் வெட்டலாம் என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வரவேற்பு அவ்வளவுதான். என் கணவர் தவராசா அன்றே அவருக்கு, ஊரில் சட்டம் சொல்லும் கிராம அதிகாரியை அழைப்பதுபோல், 'விதானையார்' என்று பெயர் வைத்துவிட்டார்.

விதானையார் ரயில் எஞ்சின் திருத்தும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி நாங்கள் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் மோனிகா ஹம்பர்க்கில். தோட்டத்திலுள்ள தடாகத்தை அவர் இளவயதில் கூட வேலை செய்தவர்களைச் சேர்த்துக்கொண்டு தானே வெட்டிக் கட்டினாராம். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் முடியும்வரை, மழையோ வெயிலோ, காலையில் இறங்கி நீந்துவார். என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைத் தலை அங்கும் இங்கும் போய்வருவது தெரியும். பன்னிரண்டு வருடமாக அந்தத் தலையைப் பார்த்தபடிதான் காலைத் தேநீர் ஊற்றியிருக்கிறேன். பேசிக்கொண்டது குறைவு.

போன வருடம் மாசி மாதத்தில் அவர் தன் படலைக்கு முன்னால் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். நான் வேலைக்குப் புறப்பட்ட நேரம். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"தூக்கவேண்டாம்," என்றார் படுத்த நிலையிலேயே. "இடுப்பு. அம்புலன்ஸுக்கு அடியுங்கள். வீட்டு இலக்கத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்."

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. சத்திரசிகிச்சை முடிந்து, நடக்கப் பழக்கும் மறுவாழ்வு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவருடைய உடுப்புப் பையைக் காரில் கொண்டுபோனது நான்தான். கட்டிலில் இருந்தபடி மேசை லாச்சியிலிருந்து ஒரு திறப்பை எடுத்துத் தந்தார்.

"பம்ப் அறையின் திறப்பு. சித்திரையில் பிர்ச் மரம் பூக்கும். தடாகத்தின் மூடுவிரிப்பு புயலில் கிழிந்துபோனது, புதியது வர நாளாகும். தண்ணீரைக் கெடவிடாதீர்கள். தண்ணீர் சரியாக இருந்தால் நான் வீட்டுக்கு வருவேன்."

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். 'கொஞ்ச நாளைக்கு மட்டும்' என்று வருபவர்களைத் தெரியும். தேநீர்க் கோப்பையில் பெயர் ஒட்டிய பிறகு வீட்டுக்குத் திரும்பியவர்கள் அதிகம் இல்லை. திறப்பை வாங்கிக்கொண்டேன்.

3

மகரந்தம் என்றதும் ஊரில் இருப்பவர்களுக்குப் பூவும் வண்டும் ஞாபகம் வரும். இங்கே அது மரத்திலிருந்து காற்றில் இறங்கும் மஞ்சள் மாத்தூள். காரில், ஜன்னல் விளிம்பில், கொடியில் போட்ட உடுப்பில் எல்லாம் படியும். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் ஏழெட்டு வருடம் அது என்னை ஒன்றும் செய்யவில்லை. பிறகொரு வசந்தத்தில் தும்மத் தொடங்கினேன். கண் கடித்தது. டொக்டர் பரிசோதித்துவிட்டு, "பிர்ச் ஒவ்வாமை. இனி நீங்களும் இந்த ஊர்க்காரிதான்," என்றார். வதிவிட அனுமதி தந்த அலுவலகத்தில்கூட யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சித்திரை நடுவில் ஒரு காலை வேலியைத் தாண்டிப் போனால், தண்ணீரின் மேல் யாரோ மஞ்சள் மாவை அரித்துக் கொட்டியதுபோல் இருந்தது. வலையால் வாரினேன். மா வலைக்கண்ணுக்குள்ளால் வழிந்து திரும்பவும் தண்ணீருக்கே போனது. மணல் வடிகட்டியும் அதைப் பிடிக்கவில்லை.

பம்ப் அறையில் ஒரு சோதனைப் பெட்டி இருந்தது. சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து ஒரு குளிசையைப் போட்டு ஆட்டவேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். நான் ஆட்டியபோது நிறமே வரவில்லை. ஆனால் தடாகத்தடியில் குளோரின் மணம் மூக்கைத் துளைத்தது. சரி, குளிசை பழசாகியிருக்கும், குளோரின்தான் கூடிப்போச்சு என்று முடிவெடுத்து, சில நாளைக்கு மருந்து போடுவதை நிறுத்தினேன்.

அந்த மணத்தை நான் நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. போரில் யாழ்ப்பாணத்திலிருந்து ஊரே இடம்பெயர்ந்து பக்கத்துத் தென்மராட்சிக்கு ஓடியபோது, நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில் இருந்தோம். அத்தனை குடும்பத்துக்கும் ஒரே கிணறு. வயிற்றோட்டம் பரவத் தொடங்கியது. சுகாதாரப் பரிசோதகர் வாளியில் பிளீச்சிங் பவுடரோடு வந்து, உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்கள் யார் என்று கேட்டார். கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அவரிடம் சோதனைக் குளிசை ஒன்றும் இல்லை. "மணந்தால் மருந்து இருக்கு, மணக்காட்டி இல்லை," என்றார். நாங்கள் விடியவிடிய வாளியை முகர்ந்தோம். தேத்தண்ணி கெட்டுப்போச்சென்று பெண்கள் எங்களைத் திட்டினார்கள். ஆனால் வயிற்றோட்டம் நின்றது. என் மூக்கு படித்த படிப்பு அது.

லிண்ட்னரின் தடாகம் அந்தப் படிப்பை மதிக்கவில்லை. தண்ணீர் முதலில் கஞ்சிபோல் கலங்கியது. பிறகு மூலைகளில் பச்சையாகி, சுவரைத் தொட்டால் வழுவழுத்தது.

4

மருத்துவமனைக்கு அழைத்தேன்.

"நீங்கள் உறவினரா?" என்றது வரவேற்பில் ஒரு குரல்.

"பக்கத்து வீடு."

"அப்படியென்றால் அந்தப் பெயரில் ஒருவர் இங்கே இருக்கிறாரா இல்லையா என்றுகூட என்னால் சொல்ல முடியாது. தரவுப் பாதுகாப்பு."

"அவர் அங்கேதான் இருக்கிறார். அவருடைய பையை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்."

"அதை நீங்கள் சொல்லலாம். நான் சொல்லக்கூடாது."

நானும் அவர் வழிக்கே போனேன். "அப்படி ஒருவர் இருந்தால், தண்ணீர் பச்சையாகிவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள்," என்றேன். கால் மணி நேரத்தில் லிண்ட்னரே அழைத்தார்.

"மணக்கிறதா?"

"நல்லாக மணக்கிறது. அதனால்தான் மருந்தை நிறுத்தினேன்."

மறுமுனையில் பெருமூச்சு. "மணப்பது வேலை செய்து களைத்துப்போன குளோரின். மகரந்தம் அதைத் தின்றுவிட்டது. நல்ல குளோரின் அவ்வளவு மணக்காது. மணந்தால் குறைக்கக்கூடாது, கூட்டவேண்டும்."

எனக்கு உண்மையில் கொஞ்சம் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அந்தச் சுகாதாரப் பரிசோதகர்மேலா?

தடாக மருந்து விற்கும் கடைக்கு அழைத்தபோது இன்னொரு கூத்து. என் தடாகத்துக்குள் மகரந்தம் நிறைய விழுந்திருக்கிறது, என்ன வாங்கலாம் என்று கேட்டேன். விற்பனையாளர், "எத்தனை பேர்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் ஆரணியிடம் போனில் சொன்னேன். லைப்சிக்கில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போகின்றன. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மகரந்தத்துக்கு ஜெர்மனில் 'பொலன்'. நான் 'போலன்' என்றிருக்கிறேன். அது போலந்து நாடு, போலந்துக்காரர்களுக்கும் அதே சொல்தான். போலந்தே என் தடாகத்துக்குள் இறங்கிவிட்டது என்று அந்த மனிதரிடம் முறையிட்டிருக்கிறேன்.

"அம்மா, குறில்! குறில்!" என்றாள். அந்த ஒரு சொல் தமிழில் வந்தது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் குறிலும் நெடிலும் ஏறாமல் மேசையில் தலைவைத்து அழுத பிள்ளை அவள்.

5

தண்ணீர் மிக மோசமாக இருந்த நாளில்தான் மோனிகா வந்தார். கூடவே அளவுநாடாவோடு ஒரு தோட்ட வேலைக்காரர். தடாகத்தை மண்போட்டு மூட எவ்வளவு மண் வேண்டுமென்று அவர் அளந்துகொண்டிருந்தார். நான் கையில் வலையோடு, கண்ணும் மூக்கும் வழிய நின்றேன்.

"நீங்கள் நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள்," என்றார் மோனிகா. "ஆனால் பாருங்கள். இது இருக்கும்வரை அப்பா வீடு, வீடு என்றுதான் சொல்வார். இது இல்லாவிட்டால் ஹம்பர்க்கில் என் பக்கத்தில் ஒரு நல்ல இல்லத்துக்கு வரச் சம்மதிப்பார்."

"கேட்டீர்களா?"

"அவரிடம் கேட்க முடியாது. அவர் சொல்வார், நாங்கள் கேட்போம். எப்போதும் அப்படித்தான்." பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இதற்குள் இறங்கி ஏதாவது நடந்தால் யார் காண்பது? எனக்கு ரயிலில் வர அரைநாள் வேண்டும்."

"என் சமையலறை ஜன்னல் அது," என்று கையைக் காட்டினேன்.

"தினமும் பார்த்துக்கொண்டு நிற்பீர்களா?"

"பன்னிரண்டு வருடமாக நிற்கிறேன்."

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். "நான் காலையில் கண் விழித்ததும் முதலில் போனைத்தான் பார்க்கிறேன்," என்றார். "அழைப்பு ஒன்றும் வந்திருக்கவில்லை என்றால்தான் எழும்புவேன்."

அது எனக்குப் புதிதல்ல. அப்பா தனியாக இருந்த காலத்தில் என் தலையணைக்கடியில் போன் இருந்தது. ஊரிலிருந்து நேரம் கெட்ட நேரத்தில் மணி அடித்தால், எடுக்குமுன் அது பத்மா அக்காவா என்று பார்ப்பேன். அக்கா என்றால் எழும்பி உட்கார்ந்துதான் எடுப்பேன். ஒருநாள் அந்த அழைப்பும் வந்தது. அப்பா கதிரையில் இருந்தபடியே போய்விட்டார், பக்கத்தில் நான்தான் இருந்தேன் பிள்ளை, தனியப் போகேல்லை என்று அக்கா சொன்னார். அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் மோனிகாவிடம் சொல்லுமளவுக்கு என் ஜெர்மன் அன்று கைகொடுக்கவில்லை. "என் அப்பாவுக்கும் ஒரு பக்கத்து வீடு இருந்தது," என்று மட்டும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

"மே மாதம் முடியட்டும்," என்றார். "தண்ணீர் தெளிந்தால் பேசுவோம். தெளியாவிட்டால் இவர் மண்லொறியோடு வருவார்."

வீட்டுக்கு வந்து தவராசாவிடம் சொன்னேன்.

"உமக்கேன் உந்த வேலை? அவையின்ர தகப்பன், அவையின்ர வீடு. நாளைக்குத் தண்ணிக்குள்ள ஏதும் நடந்தா உம்மைத்தான் கேட்பினம்."

"பத்மா அக்காவும் இப்பிடி நினைச்சிருந்தா?"

அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போது, "அந்த மாவைப் பிடிக்கிறதுக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டார்.

6

லிண்ட்னர் சொன்ன வழி இதுதான். தண்ணீரின் மேல் மிதப்பதை இழுத்தெடுக்க, தடாகச் சுவரில் ஒரு வாய் இருக்கிறது. அதற்குள் ஒரு கூடை. அந்தக் கூடைக்குப் பெண்கள் போடும் நைலோன் காலுறையை மாட்டினால் மகரந்தம் அதில் சிக்கும். தவராசா வேலை முடிந்து வரும் வழியில், பஸ் சாரதியின் சீருடையோடு சுப்பர்மார்க்கெட்டுக்குப் போய் காலுறைகளை அள்ளிக்கொண்டு வந்தார். காசாளர்ப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாளாம்.

"குளத்துக்கு எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு அவள் இன்னும் வடிவாப் பாத்தாள்."

தண்ணீரின் காரத்தன்மையை முதலில் குறைக்கவேண்டும். அது கூடியிருந்தால் குளோரின் சோம்பேறியாகிவிடுமாம். பிறகு வெயில் தாழ்ந்ததும் குளோரின் தூளை வாளியில் கரைத்துச் சுற்றிவர ஊற்றவேண்டும். வெயிலில் போட்டால் வெயில் தின்றுவிடும். சுவரைத் தேய்க்கவேண்டும். பம்ப்பை நிறுத்தாமல் ஓடவிடவேண்டும். காலுறையை ஒவ்வொரு நாளும் மாற்றவேண்டும். கழற்றும்போது கையில் மஞ்சள் களியாக வரும். முகக்கவசமும் வெயில் கண்ணாடியும் போட்டுக்கொண்டு இதையெல்லாம் செய்தேன். தெருவால் போனவர்கள் எனக்குத் தொற்றுநோய் என்று நினைத்திருக்கலாம்.

பிர்ச் ஓய்ந்தது, பைன் தொடங்கியது. தெளிந்த தண்ணீர் ஒரு காற்றில் திரும்பவும் மஞ்சளானது. மழை வந்தால் கழுவிக்கொண்டு போகும் என்று பார்த்தேன். மழை மரத்தில் இருந்ததையும் சேர்த்து இறக்கியது. ஒருநாள் வாளியைக் கீழே போட்டுவிட்டு, மண்லொறி வரட்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாள் காலை ஜன்னலால் பார்த்தால் தவராசா காலுறை மாற்றிக்கொண்டு நின்றார். நான் பார்த்ததை அவர் காணவில்லை. அன்று மாலை நானே திரும்பவும் வாளியை எடுத்தேன்.

மே கடைசியில் ஒரு மாலை, கண்ணாடிக் குழாயை ஆட்டினேன். தண்ணீர் இளஞ்சிவப்பானது. தடாகத்தடியில் நின்று மூச்சை இழுத்தேன். ஒரு மணமும் இல்லை. அடியில் பதித்த நீல ஓடுகளின் வெடிப்புகள்கூடத் தெரிந்தன. படமெடுத்து மோனிகாவுக்கு அனுப்பினேன். ஆரணிக்கும் அனுப்பினேன்.

ஆரணி உடனே அழைத்தாள். மோனிகாவின் கதையை அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவள் வழக்கம்போல் ஜெர்மனில் கேட்டாள்: "நீங்களும் அப்பாவும் வயதாகும்போது நான் எங்கே இருப்பேனோ தெரியாது. உங்களை யார் ஜன்னலால் பார்ப்பார்கள்?"

"வேலிக்கு அந்தப் பக்கம் ஆர் இருக்கினமோ, அவை," என்றேன்.

அவள் பரீட்சையைப் பற்றிச் சொன்னாள்.

7

லிண்ட்னர் இன்றைக்கும் தன் வீட்டில்தான் இருக்கிறார். தடாகம் அந்தக் கோடை முழுக்கத் திறந்திருந்தது, மோனிகா இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஹம்பர்க்கிலிருந்து வந்துபோனார். ஆனால் லிண்ட்னர் திரும்பி வந்த நாளில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. மோனிகா காரில் கூட்டிவந்தார்; வழியில் மண்லொறிக் கதையை அவரிடம் சொல்லிவிட்டாராம். இரண்டு ஊன்றுகோல்களோடு லிண்ட்னர் நேரே தோட்டத்துக்கு வந்து, என்னிடம் வணக்கம்கூடச் சொல்லாமல் தண்ணீரின் அளவுகளைக் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். குளித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்றார்.

ஏணியால் இறங்க நெடுநேரம் எடுத்தது. மோனிகா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்றோம். இரண்டு பேரும் தன்னைத் தொடக்கூடாது என்றார். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் முகம் மாறியது. மெதுவாகக் கைகளை விரித்து நீந்தினார். அந்தக் கரைவரை போனார். திரும்பி வந்தார். இன்னொரு முறை போனார், வந்தார். விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"மோனிகா," என்றார். "அந்த மண்லொறிக்காரரைக் கூப்பிடு. மூடலாம்."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"அப்பா?"

"ஏணியில் இறங்கும்போது விளங்கிவிட்டது. இந்தக் கால் இதற்கு நெடுநாள் வராது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் அதை முடிவெடுக்க வேண்டியவன் நான். நான் கட்டிலில் கிடக்கும்போது வேறு யாராவது எடுப்பதல்ல."

என் கண் வீக்கம், தும்மல், தவராசா வாங்கிவந்த காலுறைகள் எல்லாம் ஒரு சுற்று மனதுக்குள் வந்துபோயின. இந்த மனிதரைத் தண்ணீருக்குள் ஓர் அமுக்கு அமுக்கினால் என்ன என்றுகூட நினைத்தேன்.

"இந்தக் கோடை வேண்டாம்," என்றார் மோனிகா.

"நீதானே மூடவேண்டும் என்றாய்?"

"நீங்கள் தனியாக இருக்கக்கூடாது என்றுதான் சொன்னேன். மூடவேண்டும் என்று..." அவர் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். நீச்சலுடை ஒன்றும் கொண்டுவந்திருக்கவில்லை போலும். தகப்பனின் பழைய ரீ-சேர்ட்டையும் கட்டைக் காற்சட்டையையும் போட்டுக்கொண்டு வந்து, ஏணியைப் பாராமல் விளிம்பிலிருந்தே தண்ணீருக்குள் இறங்கினார். ஐம்பது தாண்டிய பெண். குளிரில் கத்தினார்.

"வெயில் காலம் முடியும்வரை நான் வருவேன்," என்றார் பல் நடுங்க.

"எத்தனை முறை வருவாய்? உனக்கு வேலை இருக்கிறது."

"அது என் பிரச்சினை."

"மருந்து யார் போடுவது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"திருமதி தவராசா, நீங்கள் சொல்லுங்கள்," என்றார் லிண்ட்னர்.

அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேலிச்செடி இடைவெளியால் எங்கள் பக்கம் வந்துவிட்டேன். தவராசா சமையலறை வாசலில் நின்றார்.

"என்ன முடிவு?"

"முடிவொண்டும் இல்லை," என்றேன். "ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள நிண்டு சண்டை பிடிக்கினம்."